தொன்மையும் விருந்தும்: செய்யுட் சொற்களைத் தமிழர் கற்ற வரலாறு

அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் சொற்களைக் கேட்டவுடனே அஞ்சி விலகுவோர் ஒருபுறம். அச்சொற்களை அறியாதவர் கவிஞரே அல்லர் என்று கதவடைப்போர் மறுபுறம். தமிழ்நாட்டில் இலக்கிய மன்றம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இவ்விரு சாராரும் உண்டு. காரிமங்கலத்தில் கூடும் நம் வட்டமும் இதற்கு விலக்கன்று. மரபுக்கவிதை எழுதுவோரும் புதுக்கவிதை எழுதுவோரும் ஒரே பாயில் அமர்ந்து பத்தாண்டுகளை நிறைவு செய்திருக்கின்றோம். எனினும், 'செய்யுளின் அடிப்படைச் சொற்களை இன்றைய கவிஞன் ஏன் கற்க வேண்டும்?' என்னும் வினா தீர்ந்தபாடில்லை.

வினாவுக்கு விடை காணும் முன் வரலாற்றைப் பார்ப்பது நன்று. இச்சொற்களை யார் ஆக்கினர்? யார் யாருக்கு, எவ்விடத்தில், எம்முறையில் கற்பித்தனர்? கற்பித்ததனால் எது நிலைத்தது? இவற்றை ஆராயப் புகுந்தால், தகடூர் நாட்டினராகிய நமக்கு இவ்வரலாற்றில் நெருங்கிய பங்கு உண்டு என்பது புலனாகும்.

தகடூரும் செய்யுளியலும்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். இதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியையும், அவனுக்குத் தோழமை பூண்டு தூதும் சென்ற ஔவையாரையும் அறியாதவர் நம்மில் இலர். திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பை என்னும் ஊரில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு இவ்வதியமானின் பெயரையும் கொடையையும் கல்லிலேயே காட்டியது. பாட்டில் வாழ்ந்தவன் கல்லிலும் வாழ்கிறான்.

அதியமான் மரபினர் ஆண்ட தகடூரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டு அழித்தான். அவனை அரிசில்கிழார் பாடிய பாடல்களே பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. உ. வே. சாமிநாதையர் 1904இல் பதிப்பித்து வெளியிட்ட இந்நூலைப் புரட்டுவோர் ஒரு சிறப்பினைக் காண்பர். ஒவ்வொரு பாட்டின் இறுதியிலும் அதன் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்னும் நான்கும் குறிக்கப்பட்டுள்ளன. புறநானூற்றில் திணையும் துறையும் மட்டுமே உள. பதிற்றுப்பத்திலோ பாட்டின் ஓசையும் பெயரிட்டுச் சொல்லப்பட்டிருக்கிறது. தகடூர் வீழ்ந்த செய்தியைச் சொல்லும் பாட்டின் அடியிலேயே ஒழுகு வண்ணம் என்றும் செந்தூக்கு என்றும் எழுதிவைத்த கை யாருடையது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அது கற்பிக்கும் கை என்பதில் ஐயமில்லை. பாட்டைப் பாதுகாத்தவர் அதனைப் பாடும் முறையையும் சேர்த்தே கைம்மாற்ற விரும்பியிருக்கிறார்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. தகடூர்ப் போரைப் பொருளாகக் கொண்டு தகடூர் யாத்திரை என்னும் தனிநூல் ஒன்று இருந்தது. அரிசில்கிழார், பொன்முடியார் முதலியோர் பாடல்கள் அதனுள் அடங்கும். முழுநூல் இன்று நம்மிடம் இல்லை. ஏறத்தாழ ஐம்பது பாடல்களே எஞ்சின. அவற்றுட் பெரும்பாலன புறத்திரட்டு என்னும் தொகைநூலால் கிடைத்தன. சில உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியதனால் கிடைத்தன.

உரையாசிரியர்கள் இந்நூலை எதற்காக நினைவுகூர்ந்தனர்? தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளாக 34ஐ எண்ணுகிறது. அவற்றுள் இறுதி எட்டும் வனப்பு எனப்படும். அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என்பன அவை. இவற்றுள் தொன்மை என்பது பழங்கதை ஒன்றைப் பற்றி உரையும் பாட்டும் விரவி வரச் செய்வது. இச்சொல்லை மாணாக்கனுக்கு விளக்கவந்த பேராசிரியர் எடுத்துக்காட்டாகச் சுட்டும் நூல்கள் இரண்டு: ஒன்று பெருந்தேவனார் பாரதம், மற்றொன்று தகடூர் யாத்திரை.

ஆகவே, நம் மண்ணின் போர்க்காவியம் எவ்வகையினது என்பதைத் தமிழுலகம் அறிந்தது செய்யுட் சொல் ஒன்றுக்குப் பொருள் சொல்லும் பாடத்தின் வழியாகத்தான். அரண்மனை காக்கவில்லை, அரண் காக்கவில்லை, பாடஞ்சொல்லும் வாய் காத்தது.

இதுபோன்ற தொடர்பு ஏட்டில் மட்டுமன்றி நம் வயல்வெளிகளிலும் உண்டு. இறந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு துறைகளாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுக்கிறது. வகுப்பறையில் இவை மனப்பாடம் செய்யும் பெயர்கள். தருமபுரி மாவட்டத்திலோ ஆநிரை மீட்டுப் பட்ட வீரர்க்கு எடுத்த கற்கள் வட்டெழுத்துப் பொறிப்போடு நிற்கின்றன. இலக்கணம் ஆநிரை என்பதைக் கல்வெட்டு தொறு என்று எழுதுகிறது. துறை என்னும் செய்யுட் சொல்லுக்கு வாழ்க்கையில் இருந்த வேரை நம் பகுதி மாணவன் தொட்டுப் பார்த்தே கற்கலாம்.

பெயர்கள் பிறந்த இடம்

செய்யுட் சொற்கள் அச்சமூட்டுவன என்பது அவற்றின் பொருளை அறியும் வரைதான். யாப்பு என்பது கட்டுதல். தளை என்பது ஒன்றோடொன்றைப் பிணிப்பது. தொடை என்பது பூத்தொடுப்பது. தூக்கு என்பது நிறுத்துப் பார்ப்பது. அடி என்பது நடப்பது. இவை யாவும் பூக்கட்டுவோரும் உழவரும் வணிகரும் நாள்தோறும் வழங்கிய சொற்கள்.

சீர்களின் வாய்பாடுகளும் அவ்வாறே. நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம். மாவும் விளமும் மரங்கள். மூன்றசைச் சீர் நேரசையில் முடிந்தால் காய். நிரையசையில் முடிந்தால் கனி. நான்கசைச் சீருக்குப் பூவும் நிழலும். வெண்பாவின் இறுதிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு. மாந்தோப்புகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இப்பெயர்கள் அயலானவை ஆகா. தோப்பில் நின்று எண்ணிப் பழகிய ஒருவர் வகுத்த பெயர்களாகவே இவை ஒலிக்கின்றன.

பிறமொழியாரும் தத்தம் வாழ்க்கையிலிருந்தே இச்சொற்களை எடுத்தனர். 8ஆம் நூற்றாண்டில் பசுரா நகரில் வாழ்ந்த கலீல் இப்னு அகமது என்னும் அறிஞர் அரபு யாப்பினை வகுத்தபோது, செய்யுளின் ஓரடிக்கு வீடு அல்லது கூடாரம் எனப் பொருள்படும் சொல்லையும், அசைகளுக்குக் கயிறு, முளை எனப் பொருள்படும் சொற்களையும் வழங்கினார். பாலைவனத்தில் கூடாரம் அடித்து வாழ்ந்தவர்க்குச் செய்யுள் ஒரு கூடாரம். தோப்பும் தொடையலும் சூழ வாழ்ந்த தமிழர்க்குச் செய்யுள் ஒரு மாலை. வடமொழியாளர் எழுத்தை இலகு, குரு என எடையால் பிரித்தனர். நம் தூக்கு என்னும் சொல்லும் எடையையே நினைப்பிக்கிறது.

கற்றலின் எளிமையை நம் ஊரின் பெயரைக் கொண்டே காட்டலாம். 'காரிமங்கலம்' என்பதை ஒரே சீராகக் கொண்டு அலகிட்டால் கா – ரிமங் – கலம் எனப் பிரியும். நேர், நிரை, நிரை, எனவே கூவிளங்கனி. கனிச்சீர் வெண்பாவினுள் புகாது; அது வஞ்சிப்பாவுக்கு உரியது. காரி, மங்கலம் என இரு சீராகப் பிரித்தால் தேமா, கூவிளம் ஆகும். மாச்சீரின் முன் நேரசை வருதலால் வெண்டளை அமையாது, நேரொன்றாசிரியத்தளை அமையும். ஆதலின் ஆசிரியப்பாவில் நம் ஊர் இடர்ப்பாடின்றி அமரும். வெண்பாவே பாட வேண்டும் என்று உறுதி கொண்டவர், அழகு என்னும் பொருள்பட ஓர் அடைமொழி சேர்த்துத் 'தென்கா ரிமங்கலம்' என வகையுளி செய்யலாம். இப்போது தேமாவின் முன் நிரையசை வந்து இயற்சீர் வெண்டளை ஆகிறது. கருவிளத்தில் முடிதலால் அடுத்த சீர் நேரசையில் தொடங்க வேண்டும். தகடூர் புளிமா, அதியமான் கருவிளம், தருமபுரி கருவிளங்காய். இவை மூன்றும் வெண்பாவில் தடையின்றி வரும்.

இவ்வளவையும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். செவி பழகுவதற்குத்தான் நாள் பிடிக்கும். அச்செவிப் பழக்கத்தைத் தமிழர் எவ்வாறு உண்டாக்கினர் என்பதே இவ்வரலாற்றின் அடுத்த பகுதி.

குளத்தூரில் பிறந்த காரிகை

10ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்தவர் அமிதசாகரர் என்னும் சமண முனிவர். அவர் முதலில் யாப்பருங்கலம் என்னும் நூலைச் செய்தார். அதற்கு எழுந்த விருத்தியுரை ஒரு கடல். காக்கைபாடினியம், அவிநயம், பல்காயம், மயேச்சுரர் யாப்பு என இன்று முழுமையாகக் கிடைக்காத பல யாப்பு நூல்கள் இருந்தமையை அவ்வுரையால் அறிகின்றோம். பாடினி என்னும் பெண்பாற் பெயர் தாங்கிய நூலொன்று அக்காலத்தே மேற்கோளாக வழங்கியமை கருதத்தக்கது.

விரிந்த நூல் தொடக்க நிலை மாணாக்கர்க்கு ஏலாது எனக் கண்ட அமிதசாகரர், அதன் சாரத்தைப் பிழிந்து யாப்பருங்கலக் காரிகை செய்தார். உறுப்பியல், செய்யுளியல், ஒழிபியல் என மூன்றே இயல்கள். குணசாகரர் அதற்கு உரை வகுத்தார். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்து நீடூர்க் கல்வெட்டுச் செய்யுள் இந்நூல் பிறந்த கதையைச் சொல்கிறது. கண்டன் மாதவன் என்னும் தலைவனின் முன்னோர் அமிதசாகரரை வரவழைத்துச் சயங்கொண்ட சோழமண்டலத்துச் சிறுகுன்ற நாட்டிலே இருத்திக் காரிகையை இயற்றச் செய்தனர் என்பது அது தரும் செய்தி. நூல் பிறந்த குளத்தூர் பின்னர்க் காரிகைக் குளத்தூர் என்றே பெயர் பெற்றது. யாப்பு நூலொன்றால் ஓர் ஊர் பெயர் பெற்றமை தமிழர் வரலாற்றில் பெருமைக்குரியது. அது தலைநகர் அன்று, சிற்றூர்.

காரிகை கற்பிக்கும் முறையை நோக்குக. ஒவ்வொரு நூற்பாவும் ஒரு பெண்ணை முன்னிறுத்தி, அவளை விளித்துச் சொல்வதாக அமைந்துள்ளது. மகடூஉ முன்னிலை என்பர் இதனை. கற்பிப்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் என்னும் நிலை நூலின் ஒவ்வொரு செய்யுளிலும் பதிந்திருக்கிறது. மேலும், நூல் முழுதும் கட்டளைக் கலித்துறையால் ஆயது. நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் ஒற்று நீங்கலாக எண்ணி வருவது அதன் கட்டளை. நூற்பாவை வாய்விட்டுப் பயிலும் மாணாக்கன், அது கூறும் பொருளை அறியும் முன்னரே கட்டளைக் கலித்துறையின் ஓசையைச் செவியில் ஏற்றுவிடுகிறான். எடுத்துக்காட்டுச் செய்யுட்கள் மறவாதிருக்க, அவற்றின் முதற்சொற்களை மட்டும் கோத்த முதனினைப்புக் காரிகைகளும் நூலில் உண்டு. ஏடு அருகிய காலத்தில் மாணாக்கனின் நினைவே நூல்நிலையம்.

வீரராசேந்திரன் காலத்தில் புத்தமித்திரர் செய்த வீரசோழியம், எழுத்து, சொல், பொருள் என்னும் மூன்றோடு யாப்பையும் அலங்காரத்தையும் தனித்தனிப் பகுதியாக்கி ஐந்திலக்கணம் எனக் கொண்டது. பின்னர்த் தண்டியலங்காரம், வடமொழிக் காவியாதரிசத்தை அடியொற்றி, பொருளணிகளை 35 என வகுத்தது. தொல்காப்பியர் உவமவியல் என்னும் ஓரியலில் உவமத்தை வேராகக் காட்டியிருக்க, பிற்காலத்தார் அதன் கிளைகளுக்கெல்லாம் பெயரிட்டனர். 1730இல் தொன்னூல் விளக்கம் செய்த வீரமாமுனிவர், இத்தாலி நாட்டில் பிறந்தும் இவ்வைந்திலக்கணத்தையும் கற்றுத் தமிழிலேயே எழுதினார். சமணர், பௌத்தர், சைவர், வைணவர், கிறித்தவர் எனப் பல சமயத்தாரும் ஒரே அசையையும் சீரையும் எண்ணினர். சமயத்தில் மாறுபட்டோர் யாப்பில் ஒன்றுபட்டனர்.

செங்கணத்தில் ஒரு பாடம்

19ஆம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளியில் சிறுவன் முதலில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் கற்றான். அடுத்து மூதுரையும் நல்வழியும். அவை வெண்பாக்கள். வெண்பா என்னும் பெயரை அறியும் முன்னரே நூறு வெண்பாவின் ஓசை அவன் நாவில் ஏறிவிட்டது. அதன் பின்னரே நிகண்டு. அதன் பின்னரே காரிகை. ஓசை முந்தியது, பெயர் பிந்தியது. இவ்வரிசையே பழைய முறையின் உயிர்.

ஆயினும் காரிகை கற்பிப்பார் எல்லா ஊரிலும் இலர். 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர், 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாயூரத்தில் மாணவராகச் சேர்வதற்கு முன், காரிகை பாடங்கேட்க ஆசிரியரைத் தேடித் திரிந்த கதையை என் சரித்திரத்தில் விரிவாக எழுதியுள்ளார். தந்தையார் மகனின் கல்விக்காகவே ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். முடிவில் செங்கணம் என்னும் சிற்றூரில் வாழ்ந்த விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகைப் பாடம் வாய்த்தது.

இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னாளில் சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் சங்க நூல்களையும் அச்சேற்றியவருக்கு அசையும் தளையும் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சிற்றூர்ப் பெரியவர். சுவடியில் அடி பிரியாமல், சொல் பிரியாமல் ஒரே ஓட்டமாக எழுதியிருக்கும். எழுத்து சிதைந்த இடத்தில் எச்சீர் இருந்திருக்க வேண்டும் என உய்த்துணரவும், பாட்டு முடிந்து உரை தொடங்கும் இடத்தை அறியவும் பதிப்பாசிரியருக்கு யாப்பறிவே கைவிளக்கு. அவ்விளக்கு ஏற்றப்பட்ட இடங்களுள் ஒன்று செங்கணம். தகடூரை அழித்தவனைப் பாடிய பதிற்றுப்பத்து நம் கைக்கு வந்ததில் செங்கணத்துப் பாடத்துக்கும் பங்கு உண்டு.

பழியும் அதன் நியாயமும்

இக்கல்வி பழுதின்றி இருந்தது என்று சொல்லுதல் வரலாறு ஆகாது. காரிகை கற்றுக் கவி பாடுவதினும் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் எனப் பொருள்படும் பழமொழி நாட்டில் வழங்கியது. பயன் தராத கல்வி என்ற ஏளனம் அதில் உண்டு. வறுமையின் கசப்பும் உண்டு. கற்கும் வாய்ப்பு எல்லாச் சாதியார்க்கும் பெண்களுக்கும் ஒத்திருக்கவில்லை என்பதும் மறைக்க இயலாத உண்மை. நூற்பாவில் முன்னிலையாக விளிக்கப்பட்ட பெண், பள்ளித் திண்ணையில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

யமகம், திரிபு, மடக்கு என்னும் சொல்விளையாட்டுகளே புலமை என்று கருதப்பட்ட காலமும் வந்தது. அந்நிலையை எள்ளி நகையாடியவர் பாரதியார். சிற்றரசர் அவையில் கூடும் போலிப் புலவர்களையும் அவர்களைப் பார்த்து வளரும் சிறுவனையும் சின்னச் சங்கரன் கதையில் அவர் படைத்தார். அக்கதையை வெளியிட்டது 1913இல் சுப்பிரமணிய சிவா தொடங்கிய ஞானபாநு இதழ். அச்சிவா தம் இறுதிக் காலத்தில் நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியைத் தம் இடமாகக் கொண்டு, 1925இல் அங்கேயே உயிர் நீத்தார். போலி யாப்பைச் சாடிய எழுத்துக்கு மேடை தந்தவர் நம் மண்ணில் உறங்குகிறார்.

ஆயினும் பாரதியார் யாப்பறியாமல் அதனைப் பழித்தவர் அல்லர். வெண்பாவும் விருத்தமும் கட்டளைக் கலித்துறையும் கைவந்தவர். 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், எளிய சொல்லும் எளிய நடையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் கொண்டு காவியம் செய்பவன் மொழிக்குப் புத்துயிர் தருவான் என்னும் கருத்தை வெளியிட்டார். அங்குச் சிந்து செங்கோல் ஏந்தியது. காட்சி முதலிய வசன கவிதைகளையும் அவரே எழுதினார். கருவியை அறிந்தவன் எதனை எடுப்பது, எதனை வைப்பது என்று முடிவு செய்தான்.

விருந்து

1934இல் மணிக்கொடியில் ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' வெளிவந்தது. 1959இல் சி. சு. செல்லப்பா எழுத்து இதழைத் தொடங்கினார். 1962இல் புதுக்குரல்கள் தொகுப்பு வந்தது. 1971இல் கோவையிலிருந்து வானம்பாடி பறந்தது. யாப்பைத் துறந்த கவிதை தமிழில் நிலைபெற்றது. இது தமிழ் மரபுக்கு நேர்ந்த கேடு என்று அந்நாளில் பலர் வருந்தினர்.

வருந்தியவர் செய்யுளியலின் எண்வகை வனப்பை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கலாம். தொன்மை இருக்கும் அதே பட்டியலில் விருந்து இருக்கிறது. விருந்து என்றால் புதுமை. முன்னோர் செய்யாத வகையில் புதிதாகப் புனையும் யாப்பு. இதற்குப் பேராசிரியர் முத்தொள்ளாயிரத்தையும் அந்தாதிச் செய்யுட்களையும் எடுத்துக்காட்டினார். இன்று நாம் பழமை என்று போற்றும் முத்தொள்ளாயிரம் அவர் கண்ணுக்குப் புதுவகை. புதியது வரும், வரும்போது அதனை விருந்தாக ஏற்க வேண்டும் என்பது அச்சொல்லிலேயே பொதிந்த பண்பாடு. வீட்டுக்கு வந்தவனைச் சாதி கேட்டு நிறுத்துவது விருந்தோம்பல் ஆகாதது போலவே, கவிதைக்கு வந்ததைத் தளை கேட்டு நிறுத்துவதும் ஆகாது.

அதுபோலவே புதுக்கவிஞரும் ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். புதுக்கவிதைத் திறனாய்வில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் பல பழைய பெட்டகத்திலிருந்து எடுத்தவை. அங்கதம் செய்யுளியலில் உள்ள சொல். முரண் தொடை வகைகளுள் ஒன்று. தொன்மம் என்பது தொன்மையின் வழிவந்த ஆக்கம். உள்ளுறையும் இறைச்சியும் இல்லாமல் இன்றைய குறியீட்டை விளக்கப் புகுவோர் சுற்றிவளைத்தே செல்ல நேர்கிறது. உரையும் பாட்டும் கலந்து எழுதுவது புதிது என்பார்க்குத் தகடூர் யாத்திரை முன்னின்று விடைசொல்லும்.

தொன்மைக்குக் காட்டிய தகடூர் யாத்திரையும், விருந்துக்குக் காட்டிய முத்தொள்ளாயிரமும் ஒரே வகையில் சிதைந்தன. ஒரே வகையில் பிழைத்தன. முத்தொள்ளாயிரத்திலும் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே எஞ்சின. அவற்றையும் பெரும்பாலும் புறத்திரட்டே காத்தது. பழையது என்பதற்காகக் காலம் ஒன்றைக் காப்பதில்லை; புதியது என்பதற்காக ஒன்றை விடுவதுமில்லை. ஓதுவார் இருந்தால் நிற்கும், இல்லையேல் போகும்.

நம் வட்டத்தின் கடன்

20ஆம் நூற்றாண்டில் இக்கல்வியைத் தாங்கிய இடங்கள் தமிழ்ச் சங்கங்கள். 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், பண்டிதத் தேர்வுகளை நடத்திற்று. 1911இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் எழுந்தது. நமக்கு அண்மையிலே பவானியில் தமிழாசிரியராயிருந்த புலவர் குழந்தை யாப்பதிகாரமும் தொடையதிகாரமும் எழுதி, தாமே கற்றுக்கொள்ள விழைவோர்க்கு வழிகாட்டினார். கி. வா. ஜகந்நாதனின் கவி பாடலாம், அ. கி. பரந்தாமனாரின் கவிஞராக ஆகிய நூல்கள் பல்லாயிரம் இளைஞர்க்கு ஆசிரியர் இன்றியே அலகிடக் கற்பித்தன.

நூல்கள் பெருகியும் ஒரு குறை நீடிக்கிறது. காரிகையின் ஒவ்வொரு செய்யுளிலும் கேட்பவர் ஒருவர் உண்டு என்று கண்டோம். நூல் வழிக் கல்வியில் அக்கேட்பவர் இல்லை. தேமா எது, புளிமா எது என்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, மறுநாளே மறக்கும் மாணவர் பலர். ஓசை முந்தி, பெயர் பிந்தி என்னும் வரிசை தலைகீழானது. பெயர் மட்டும் வந்தது, ஓசை வரவேயில்லை.

ஓசை இன்னும் நம்மிடையே அழியவில்லை. தருமபுரி மாவட்டச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாவில் பாரதக் கூத்து நிகழ்கிறது. கூத்தர் விருத்தம் பாடுகிறார், தரு பாடுகிறார். மூப்பெய்திய பெண்டிர் ஒப்பாரியில் எதுகையும் இயைபும் பிழையின்றி அமைகின்றன. அவர்கள் காரிகை கற்றிலர், செவி கற்றது. ஏட்டுப் பெயரை அவர்தம் ஓசையோடு சேர்த்துவைப்பது ஒரு சிற்றூர் வட்டத்தால் இயலுவது. பெருநகரப் பல்கலைக்கழகத்தினும் இங்கே எளிதாக இயலுவது.

ஆகவே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம் மூன்றினை மேற்கொள்ளலாம். ஒன்று, தகடூர் யாத்திரையின் எஞ்சிய பாடல்களைக் கூட்டத்துக்கு ஒன்றாக வாய்விட்டுப் படித்தல். திங்கள் ஒரு பாடல் என்றாலும் நான்கைந்து ஆண்டுகளில் நிறைவுறும். நம் மண்ணின் காவியம் அப்போது நம் நாவில் இருக்கும். இரண்டு, நம் ஊர்ப் பெயர்களையும் உறவுப் பெயர்களையும் கொண்டே அலகிடப் பழக்குதல். மூன்று, கூத்துப் பாட்டையும் ஒப்பாரியையும் பாடுவோரிடமே கேட்டு எழுதி, அவற்றின் ஓசையை ஆராய்தல். இம்மூன்றிலும் மரபுக்கவிஞரும் புதுக்கவிஞரும் பங்குகொள்ளலாம். கற்றபின் யாப்பில் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் அவரவர் உரிமை.

தகடூரின் மதில் இன்று இல்லை. அதன் பாட்டில் ஐம்பதேனும் இருக்கின்றன. ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்ட மாணாக்கன் ஒருவனும், அதற்கு எடுத்துக்காட்டுத் தேடிய ஆசிரியர் ஒருவரும் இருந்ததனால் அவற்றின் பெயரும் வகையும் நமக்குத் தெரிகின்றன. அவ்விருவரும் காரிமங்கலத்தில் தொடர்ந்து அமர்ந்திருக்கட்டும்.